மக்கள் பார்க்கவில்லையாம்!

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அந்தத் தையல்கடைத் தொடரை அவசர அவசரமாக முடித்து வைத்ததைக்கூட விட்டுவிடலாம். ‘மக்கள் பார்க்கவில்லை, நிறுத்திவிட்டோம்’ என்று சேனல் தரப்பில் சொன்னதையும், அதை ஆளாளுக்கு கார்டு போட்டு ‘ஃபிளாப்’ என்று பகிர்வதையும்தான் தாங்க முடியவில்லை.

ஒன்பது மணிக்கு ஓடிக்கொண்டிருந்ததைப் பத்தரைக்குத் தள்ளியது யார், மக்களா? விடிகாலையில் எழுந்து டிபன் பாக்ஸ் கட்டுகிற பெண் பத்தரை மணிக்கு டிவி முன் உட்கார்ந்திருப்பாளா? தூங்கப் போன பிறகு கடையைத் திறந்துவிட்டு, வியாபாரமே இல்லை என்று அவள் மேல் பழி போடுகிறார்கள்.

மக்கள் பார்க்கவில்லை என்று சொல்லாதீர்கள். நாங்கள் நினைத்த விலைக்கு விளம்பரம் போகவில்லை என்று சொல்லுங்கள். அது வேறு, இது வேறு.

இந்தியாவில் சுமார் 23 கோடி வீடுகளில் டிவி இருக்கிறது. யார் எதைப் பார்க்கிறார்கள் என்று ரேட்டிங் எடுக்கும் டி.ஆர்.பி. மீட்டர் இருப்பது சுமார் 58,000 வீடுகளில். 2025இல் மத்திய அரசே சொன்ன கணக்கு இது, 0.025 சதவீதம். அந்த வீடுகளில் ஆளுக்கு ஒரு பட்டன். டிவி முன் உட்காரும்போது அவரவர் பட்டனை அழுத்த வேண்டும். பாட்டி அழுத்த மறந்தால், கணக்கில் பாட்டி அன்று தொடர் பார்க்கவில்லை. மறுநாள் பஸ்ஸில் போனில் பார்க்கிற பேத்தி இந்தக் கணக்கிலேயே வரமாட்டாள்.

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், புள்ளியியல் தெரியுமா உனக்கு?’ என்று யாராவது வருவீர்கள். நாடு மொத்தத்துக்கும் இந்த எண்ணிக்கை போதும் என்றே வைத்துக்கொள்வோம். அதில் தமிழ்நாட்டைப் பிரித்து, அதில் நகரத்தைப் பிரித்து, அதில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களைப் பிரித்து, அதில் ராத்திரி பத்தரை மணி அரை மணி நேரத்தை எடுத்தால் மிச்சம் எத்தனை பேர்? பத்து வீட்டில் உறவினர் வந்துவிட்டால் ரேட்டிங் புள்ளி இறங்கிவிடும். அதை வைத்து ஒரு கதையின் உயிரை எடுப்பீர்களா?

அதற்கு மேல் வீடுகளுக்கே ஒரு தரவரிசை இருக்கிறது. வீட்டுச் செலவுக்கு அதிகம் கொடுப்பவர் என்ன படித்திருக்கிறார், வீட்டில் என்னென்ன பொருள் இருக்கிறது என்று பார்த்து வீட்டைப் பிரிப்பார்கள். மின்விசிறி, கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி, கார் என்று 11 பொருள் கொண்ட பட்டியல். விளம்பரம் கொடுப்பவர் எந்த வகை வீடு வேண்டும் என்று கேட்டுத்தான் காசு தருவார். எங்கள் அம்மா வீட்டில் ஏசியும் இல்லை, வாஷிங் மெஷினும் இல்லை. அம்மா அந்தத் தொடரை ஒரு நாள் விட்டதில்லை. அவர் பார்த்தது பார்த்ததில் சேர்த்தி இல்லையா?

எனக்கு இது கேள்விப்பட்ட விஷயம் அல்ல. சில வருடங்களுக்கு முன் வேறொரு தொடருக்கு வசனம் எழுதினேன். வளசரவாக்கத்தில் ஒரு ஷூட்டிங் வீடு. வியாழக்கிழமை வந்தால் யாரும் சரியாகச் சாப்பிட மாட்டார்கள், அன்றுதான் ரேட்டிங் வரும். ஒரு வியாழன் புள்ளி இறங்கியது. ‘பாட்டி டிராக் இழுக்கிறது’ என்று சேனலிலிருந்து போன். பாட்டியாக நடித்த நடிகையிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. மத்தியானம் ஆர்ட் டிபார்ட்மென்ட் பையன் வந்து, ‘அம்மா, உங்க போட்டோ ஒண்ணு நல்லதா குடுங்க, ஃபிரேம் போடணும்’ என்றான். அப்படித்தான் அவருக்குத் தெரிந்தது. சரி என்று கைப்பையில் தேடி ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தார். அவர் பேச வேண்டிய ஒரு வார வசனம் என் கையில் இருந்தது.

‘சேனல் என்ன தர்மசத்திரமா, லாபம் வேண்டாமா?’ வேண்டும், யார் வேண்டாம் என்றது? லாபக் கணக்கை லாபக் கணக்காகச் சொல்லச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொன்று. 2020 அக்டோபரில் மும்பையில் டி.ஆர்.பி. மோசடி வழக்கு வெடித்ததும், செய்திச் சேனல்களின் தனித்தனி ரேட்டிங்கையே நிறுத்தினார்கள். 2022 மார்ச்சில்தான் மறுபடி வந்தது. அந்த ஒன்றரை வருடம் செய்திச் சேனல்கள் ஓடவில்லையா? விளம்பரம் வரவில்லையா? எண் இல்லாமலே பிழைத்தார்கள். ஒரு தொடருக்கு மட்டும் நான்கு வாரம் பொறுக்க முடியாதாம்.

‘உனக்குப் பிடித்த தொடர் போச்சு, அதான் கத்துகிறாய்.’ ஆமாம், பிடித்தது. அழுதுகொண்டே இருக்காத, யார் காபியிலும் விஷம் கலக்காத, கடை வாடகைக்கும் பீஸ் ரேட்டுக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணை ராத்திரி அரை மணி நேரம் பார்ப்பது பிடித்தது. அந்தக் கதாநாயகிக்கு இது முதல் தொடர். நாளை இன்னொரு கம்பெனிக்கு வாய்ப்பு கேட்டுப் போனால் கேட்கப்போகும் முதல் கேள்வி, ‘அந்த ஃபிளாப் தொடர்ல நடிச்ச பொண்ணுதானே?’ நேரத்தை மாற்றியவர் பெயர் எந்தக் கார்டிலும் இல்லை. அவள் முகம் எல்லாக் கார்டிலும் இருக்கிறது.

என் நட்புப் பட்டியலிலேயே நிறையப் பேர் அதைப் பகிர்ந்திருக்கிறீர்கள். தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.