இழுவைத் திறனும் லோடும் ஒன்றல்ல

மரம் வெட்டும் தொழிலுக்கு வண்டி பார்ப்பவர்களுக்கு ஒரு யோசனை சொல்லப்படுகிறது: 3,500 கிலோ இழுக்கும் பிக்கப் வாங்கினால், பின்னால் சிப்பரை (கிளைகளை அரைத்துத் தூளாக்கும், டிரெய்லர்போல இழுத்துச் செல்லும் இயந்திரம்) கோர்த்து, வண்டித் தொட்டி நிறைய மரத்தூளும் ஏற்றிக்கொள்ளலாம் என்று. பலரும் ஆமோதித்திருப்பதால் சொல்கிறேன், கணக்கு அப்படி வராது.

இழுவைத் திறன், வண்டியின் மொத்த எடை வரம்பு (வண்டியும் அதில் ஏற்றியதும் சேர்ந்து) இரண்டுக்கும் மேல் மூன்றாவதாக ஒன்று உண்டு: வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த கூட்டு எடை வரம்பு. பெரும்பாலான பிக்கப்களில் இது முதல் இரண்டின் கூட்டுத்தொகையைவிடக் குறைவு. உதாரணத்துக்கு, கூட்டு வரம்பு 6,000 கிலோ என்று வையுங்கள். டிரெய்லர் 3,500 என்றால் வண்டிக்கு மிஞ்சுவது 2,500. காலி வண்டியே 2,200 இருந்தால் ஆள், ரம்பம், கயிறு, எரிபொருள் எல்லாம் 300 கிலோவுக்குள் அடங்க வேண்டும். டிரெய்லர் கொக்கியில் அழுத்தும் எடையும் வண்டியின் லோடில்தான் சேரும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சிப்பர் சிறியதென்றால் நிலைமை இவ்வளவு இறுக்கமில்லை, உண்மைதான். ஆனால் பச்சைத் தூள் பார்வைக்குத்தான் லேசு.

என் பேச்சை நம்ப வேண்டாம். ஓட்டுநர் கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ உள்ள எடைத் தகட்டைப் பாருங்கள். கூட்டு வரம்பு அதில் இல்லையென்றால் வண்டியின் கையேட்டில் இருக்கும். பிறகு வேலைக்குப் போகும் கோலத்திலேயே, ஆட்களோடும் சாமான்களோடும், எடை மேடையில் ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.