கமிஷனுக்கு வரி இல்லாத தீவு

தரகுத் தொழிலில் நல்ல காசு பார்க்கிறவர்களிடம் ஒரு யோசனை திரும்பத் திரும்ப விற்கப்படுகிறது. கரீபியன் கடலில் இருக்கும் பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகளில் ஒரு கம்பெனி பதிவு செய்யுங்கள், கமிஷனுக்கான இன்வாய்ஸை அதன் பெயரில் போடுங்கள், அங்கே வருமான வரி கிடையாது, அதனால் உங்களுக்கும் கிடையாது. கடைசியில் சொன்னதைத் தவிர மற்றதெல்லாம் சரிதான்.

கமிஷன் என்பது ஆள் உழைத்துச் சம்பாதிப்பது. வாங்குபவரைத் தேடிப் பிடித்ததும், விலை பேசியதும், ஒப்பந்தத்தை முடித்ததும் நீங்கள். அதுவும் உங்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு. தீவில் இருப்பது ஆயிரக்கணக்கான கம்பெனிகளுக்குப் பொதுவான ஒரு முகவரியும், கையெழுத்துப் போட ஒரு பினாமி இயக்குநரும் மட்டுமே. கம்பெனியை நடத்துவது யார், எங்கிருந்து என்றுதான் வரி அதிகாரி கேட்பார். இது புதுக் கேள்வியும் இல்லை. தென்னாப்பிரிக்காவில் பதிவான டி பியர்ஸ் வைரக் கம்பெனியின் முக்கிய முடிவுகள் லண்டனில்தான் எடுக்கப்படுகின்றன, ஆகவே அது பிரிட்டனில் வரி கட்ட வேண்டும் என்று 1906லேயே தீர்ப்பு வந்துவிட்டது. சுரங்கமும் ஆட்களும் உள்ள கம்பெனிக்கே அந்தக் கதி. லெட்டர்பேடு கம்பெனி எம்மாத்திரம்?

அப்புறம் பணத்தை வெளியே எடுப்பது. விற்பவர்கள் இந்த இடத்தில் பேச்சை மாற்றிவிடுவார்கள். லாபப் பங்காக எடுத்தால் உங்கள் நாட்டில் வரி. கடன் என்று எழுதி எடுத்தால் அதையும் வருமானமாகக் கருதப் பல நாடுகளில் விதி உண்டு. எடுக்காமல் விட்டாலும், உரிமையாளரின் கணக்கில் சேர்த்து வரி போடும் சட்டத்தை அமெரிக்கா 1962லேயே கொண்டுவந்துவிட்டது. பிறகு பல நாடுகள் அதே வழியில் போயின. மிஞ்சுவது ஒளித்து வைப்பது ஒன்றுதான். அதைச் செய்த நொடியில் வரித் திட்டமிடல் முடிந்து வரி ஏய்ப்பு ஆரம்பமாகிவிடுகிறது. ஒளிப்பதாவது சுலபமா? 2016இல், பனாமாவில் இப்படிக் கம்பெனிகள் அமைத்துக் கொடுத்த ஒரு சட்ட நிறுவனத்திலிருந்து கசிந்த 'பனாமா ஆவணங்கள்' வெளியானபோது 2,14,000க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் விவரம் சந்திக்கு வந்தது. 2017 முதல் நாடுகள் வங்கிக் கணக்கு விவரங்களைத் தாமாகவே பரிமாறத் தொடங்கின. இன்று அதில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன.

பெரிய கம்பெனிகள் மட்டும் தப்பிக்கவில்லையா என்பார்கள். அந்தக் கோபம் நியாயமானது, எனக்கும் உண்டு. ஆனால் அவர்களிடம் வக்கீல் படையே இருக்கிறது. அப்படியிருந்தும் ஆப்பிள் அயர்லாந்துக்கு 1,300 கோடி யூரோ பழைய வரி கட்ட வேண்டும் என்பதை ஐரோப்பிய நீதிமன்றம் 2024இல் உறுதி செய்தது.

உண்மையிலேயே வெளிநாட்டில் தொழில் செய்ய ஆசையா? குடிபெயருங்கள், அங்கே அலுவலகம் போடுங்கள், ஆள் வையுங்கள். அது சட்டப்படியான வழி. (அமெரிக்கக் குடிமக்களை வருமான வரி அங்கேயும் துரத்தும், அது வேறு கதை.) 2019 முதல் அந்தத் தீவுகளே சில வகைத் தொழில்களுக்கு நிஜமான செயல்பாட்டைக் காட்டச் சொல்கின்றன.

இந்தத் திட்டத்தோடு உங்களிடம் யாராவது வந்தால், "என் நாட்டில் எனக்கு வரி வராது என்று உங்கள் பெயரில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள்.