நாஜிகளிடமிருந்து தப்பியவர், சொந்த நாட்டிடமிருந்து தப்ப முடியவில்லை

ஹிட்லரை எதிர்த்தவர்களைப் போருக்குப் பிறகு ஜெர்மனி தலையில் வைத்துக் கொண்டாடியது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பேட்டர் கிங்கோல்ட் கதையைக் கேளுங்கள்.

போலந்திலிருந்து வந்த யூதக் குடும்பம், 1916-இல் பிறந்தவர், ஃபிராங்க்ஃபர்ட்டில் வளர்ந்தவர். 1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் குடும்பம் பாரிஸுக்கு ஓடுகிறது. அப்போது அவருக்கு 17 வயது. பாரிஸும் கடைசியில் நாஜிகளின் கைக்குப் போகிறது. அப்புறம் தலைமறைவு வாழ்க்கைதான். ஜெர்மன் சிப்பாய்களிடமே பேச்சுக் கொடுத்து, துண்டறிக்கை பரப்பி, அவர்களைப் போருக்கு எதிராகத் திருப்பும் வேலை. ஒரு சிப்பாய் காட்டிக்கொடுத்தாலும் கதை முடிந்தது. கூடப் பிறந்தவர்களில் இருவரை ஆஷ்விட்ஸ் என்ற நாஜிக் கொலைமுகாம் விழுங்கிவிட்டது.

1943 பிப்ரவரியில் நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ பிடித்தது. சித்திரவதை. 'சரி, ஆட்களைக் காட்டிக்கொடுக்கிறேன்' என்று சொல்லி பாரிஸில் தனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறார். உள்ளே பாய்ந்து, கதவை அவர்கள் முகத்திலேயே அறைந்து சாத்திவிட்டு ஓடிவிட்டார். சினிமாவில் வந்தால் 'ஓவரா இருக்கே' என்போம்! அடுத்த ஆண்டு பாரிஸ் விடுதலையான எழுச்சியிலும் ஆள் இருந்தார்.

இப்படிப்பட்டவர் ஃபிராங்க்ஃபர்ட்டுக்குத் திரும்பினால் என்ன மரியாதை கிடைத்திருக்க வேண்டும்? அவர் கம்யூனிஸ்ட். 1956-இல் மேற்கு ஜெர்மனி கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்தது. குடியுரிமைக்காக 1974 வரை குடும்பம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அதே காலத்தில் பழைய நாஜிக் கட்சி உறுப்பினர்கள் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள், குர்ட் கீஸிங்கர் என்று ஒருவர் நாட்டின் சான்சலராகவே ஆனார். இதைப் 'பனிப்போர் காலம், அப்படித்தான்' என்று நியாயப்படுத்துபவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. நாஜியை மன்னிக்கத் தெரிந்த அரசுக்கு நாஜியை எதிர்த்தவனை மட்டும் சகிக்க முடியவில்லை என்றால், அது யாரைப் பார்த்துப் பயந்தது என்பது விளங்கவில்லையா?

மனுஷன் ஒதுங்கிப் போகவில்லை. ஆஷ்விட்ஸில் அடிமைகளைப் பிழிந்த ஐ.ஜி. ஃபார்பன் என்ற ரசாயன நிறுவனத்தின் மிச்சம் போருக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் பங்குதாரர் கூட்டம் நடத்தியது. அந்தக் கூட்டங்களுக்கு எதிராகவும் போய் நின்றார். பள்ளிப் பிள்ளைகளிடம் பேசினார். 2006-இல் சாகும்வரை இதேதான்.

மகள் சில்வியா ஆசிரியை. 1975-இல் அவரது அரசியலைக் காட்டி வேலையைப் பறித்தார்கள். பிரான்சில், பின்னாளில் அந்நாட்டின் ஜனாதிபதியான மித்தரான் வரைக்கும் எதிர்ப்புக் கிளம்பியது. பல ஆண்டுகள் கழித்தும் ஜெர்மன் உளவுத்துறை சில்வியாவை விடவில்லை. அவரைப் பற்றிய கோப்பில் என்ன எழுதி வைத்திருந்தார்கள் தெரியுமா? அப்பாவின் நினைவுக்குறிப்புகளைக் கூட்டங்களில் வாசித்துக் காட்டினாராம்.