ரப்பருக்கு யங் குணகம் மட்டும் போதாது

ஒரு பாகத்தைக் கணினியில் சின்னச் சின்னத் துண்டுகளாக (எலிமெண்ட்) பிரித்து, அதன் உருமாற்றத்தையும் விசையையும் கணக்கிடும் முறையைப் பற்றிய ஒரு கட்டுரைக்கு இது பதில். இரும்பைப் போலவே ரப்பர் வாஷருக்கும் யங் குணகம் (பொருளின் விறைப்பு), பாய்சான் விகிதம் (அமுக்கினால் பக்கவாட்டில் எவ்வளவு பிதுங்கும் என்பது) இரண்டையும் கொடுத்தால் போதும் என்று அந்தக் கட்டுரையில் இருக்கிறது. சின்ன உருமாற்றத்துக்கு சரி. ஆனால் ரப்பர் சாதாரணமாகவே இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுபடும். அங்கே விசைக்கு நேர் விகிதத்தில் நீளும் என்ற நேர்கோட்டு விதி எடுபடாது. பெரிய உருமாற்றத்துக்கென்று மூனியும் ரிவ்லினும் 1940-களில் தந்த ஆற்றல் சமன்பாடோ, 1972-இல் வந்த ஆக்டன் மாதிரியோ தேவைப்படும்.

அதைவிடப் பெரிய தலைவலி கன அளவு. ரப்பரை அமுக்கினால் பக்கவாட்டில் பிதுங்குமே தவிர கன அளவு அநேகமாக மாறாது. பாய்சான் விகிதம் 0.5-ஐ ஒட்டி நிற்கும். சாதாரண எலிமெண்ட் போட்டால் மெஷ் (அந்தத் துண்டுகளின் வலை) இறுகிப் பூட்டிக்கொள்ளும்; பாகம் உண்மையைவிட விறைப்பாகத் தெரியும். ஒருமுறை ஒரு சீல் வளையத்துக்கு எனக்குக் கிடைத்த விசை, சோதனையில் அளந்ததைவிடப் பல மடங்கு. இரண்டு நாள் மெட்டீரியல் எண்களைத்தான் சந்தேகப்பட்டேன்! அழுத்தத்தைத் தனி மாறியாக வைக்கும் ஹைப்ரிட் எலிமெண்டுக்கு மாறியதும் விசை இறங்கிவிட்டது.

அப்புறம், இழுவைச் சோதனையை மட்டும் வைத்து அந்தச் சமன்பாடுகளின் மாறிலிகளைப் பொருத்தாதீர்கள். வளையம் வேலை செய்வது அமுக்கத்தில். புது ரப்பர் முதல் தடவை கூடுதல் விறைப்பு காட்டும் (முல்லின்ஸ் விளைவு). திரும்பத் திரும்ப அமுங்கும் பாகம் என்றால், சில சுற்று அமுக்கி விட்டபின் அளந்த விசை–உருமாற்ற வளைவையே எடுங்கள்.