பிறந்த ஊரும் வாங்கிய பரிசும் போதுமா?

நம் பிள்ளைகளுக்காக எழுதப்படும் விஞ்ஞானி வரலாறுகளில் யாரும் வேலை செய்வதே இல்லை. ஏழைக் குடும்பத்தில் பிறக்கிறார்கள், தெருவிளக்கில் படிக்கிறார்கள், ஆசிரியர் மெச்சுகிறார், பக்கத்தைப் புரட்டினால் பரிசும் கையுமாக நிற்கிறார்கள். இடையில் முப்பது நாற்பது வருடம் அந்த மனிதர் காலையில் எழுந்து என்னதான் செய்தார்? அதற்கு இரண்டு வரி.

செப்டெம்பரில் கொழும்பு பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சியிலும் சரி, வெள்ளவத்தைக் கடைகளிலும் சரி, தமிழில் நான் காண்பவை பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருபவை. அவையும் வராவிட்டால் அலுமாரி காலி, அதனால் வருவதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்துல் கலாம் பத்திரிகை விநியோகித்ததைப் பக்கம் பக்கமாக எழுதுபவர்கள், 1979 ஆகஸ்டில் அவர் தலைமையில் உருவான எஸ்.எல்.வி-3 ரொக்கெட் வங்கக் கடலில் விழுந்ததை 'தோல்வியில் துவளவில்லை' என்று தாண்டிவிடுகிறார்கள். ஏன் விழுந்தது? இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டுப் பகுதியில் அமிலம் கசிந்துவிட்டது. பத்து வயதுப் பிள்ளைக்கு இது புரியாதா? கசிவு என்றால் என்ன என்பதை நம் வீட்டுக் குழாய்களே நன்றாகக் கற்றுக்கொடுத்திருக்கின்றன.

எழுதுபவர்களை மட்டும் நொந்து பயனில்லை. நாம் வாங்குவதே தமிழ்த்தினப் பேச்சுப் போட்டிக்காகத்தான். மேடையில் முழங்குவதற்குப் பிறந்த திகதியும் பட்டங்களும்தான் வசதி.

ரே விஜேவர்தனவை எடுத்துக்கொள்ளுங்கள். லாண்ட்மாஸ்டர் என்று வன்னியிலும் மட்டக்களப்பிலும் எல்லோருக்கும் தெரிந்த இரண்டு சக்கர உழவு இயந்திரத்தை 1950களில் வடிவமைத்த பொறியியலாளர் அவர். அந்தப் புகழோடு ஹார்வர்டுக்குப் பேசப் போன இடத்தில் ஒருவர் கேட்டார்: நீங்கள் இயந்திரமாக்கியது வேளாண்மையையா, எருமையையா? கேள்வி அவரை விடவில்லை. எருமை புல்லைத் தின்று எருவைத் தரும், கன்றும் ஈனும். இயந்திரம் எண்ணெய் குடிக்கும், பழுதானால் உதிரிப்பாகம் கேட்கும். மண்ணை உழத்தான் வேண்டுமா என்றே யோசிக்கத் தொடங்கினார். நைஜீரியாவின் இபாடானில் இருந்தபோது உழாமலே விதைக்கும் வழிகளைத் தேடினார். பிறகு நாடு திரும்பி, நம் வேலிகளில் சும்மா நிற்கும் கிளிசரியா மரத்தின் தழை உரமாகும், விறகு மின்சாரமாகும் என்று சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவே 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு வேறு ஓட்டினார்! தன் பெயரை நிலைநிறுத்திய கண்டுபிடிப்பையே சந்தேகித்த ஒரு மனிதரைப் பற்றித் தமிழில் ஒரு சிறுவர் நூல் என் கண்ணில் பட்டதில்லை.

பொறியியலாளர் விமலசுரேந்திர இலங்கைக்கான நீர்மின்சாரத் திட்டத்தைக் கட்டுரையாகப் படித்தது 1918இல். லக்சபான மின்சாரம் வந்தது 1950இல், அவர் எழுபதைத் தாண்டிய பிறகு. அந்த 32 வருட இழுபறிதான் கதை. 'நீர்மின்சாரத்தின் தந்தை' என்ற பட்டம் அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து கேம்பிரிட்ஜ் போய் புகழ்பெற்ற இயற்பியலாளர் டிராக்கிடம் ஆய்வு செய்த கணிதவியலாளர் கிறிஸ்டி எலியேசரை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸின் கதையோ சிரிக்கச் சிரிக்கச் சொல்லக்கூடியது. 2003இல் இலங்கைக் கடலில் நீலத் திமிங்கிலங்களுக்கு நடுவே சிவப்பாக மிதந்த சாணத்தைப் பார்த்தார். இரை தேடக் குளிர்கடலுக்குப் போகும் என்று பாடநூல்கள் சொன்ன விலங்கு, இங்கேயே தின்று இங்கேயே கழிக்கிறது! அங்கிருந்து தொடங்கியது அவருடைய ஆராய்ச்சி. சாணத்தில் தொடங்கும் ஒரு வரலாற்றை எந்தப் பிள்ளை கீழே வைக்கும்? ஆனால் அச்சுக்குப் போகுமுன் யாராவது ஒரு பெரியவர் அதை வெட்டிவிட்டு, 'சிறு வயதிலேயே கடலை நேசித்தார்' என்று எழுதிவிடுவார்.

கொழும்பில் எழுதுகிறவர்கள், வரைகிறவர்கள், அச்சகம் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கத்தில் பலர் இருக்கிறீர்கள். யாராவது லாண்ட்மாஸ்டர் கதையை எழுதுங்கள். என் பிள்ளைகளுக்கும் பக்கத்து நூலகத்துக்கும் சேர்த்து நான் வாங்குகிறேன். பிறந்த திகதியை வேண்டுமானால் பின்னட்டையில் போட்டுக்கொள்ளுங்கள்.