மிசூரியில் வாஷிங்டன் சட்டம் செல்லாதா?

போன வாரம் தம்பி ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியைத் தட்டிவிட்டிருந்தான். 'மிசூரியில் இனிமேல் வாஷிங்டனின் துப்பாக்கிச் சட்டம் எதுவும் செல்லாது' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே அவனுடைய கேள்வி: "உண்மையா அண்ணா? அப்படியென்றால் அன்றைக்கு நாம் உட்கார்ந்து நிரப்பினோமே, அந்தப் படிவத் தொல்லை இனிக் கிடையாதா?"

கூடப் பிறந்த தம்பி அல்லன். தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் கிடைத்த தம்பி. மிசூரி மாநிலத்தில் லீஸ் சம்மிட் என்ற ஊரில் இருக்கிறான். நான் எல்லைக்கு இந்தப் பக்கம், கான்சாஸில். எல்லை என்றவுடன் சோதனைச் சாவடி, தடுப்புக் கம்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்டேட் லைன் ரோடு என்று ஒரு சாலை, அவ்வளவுதான். ஒரு பக்கத்து நடைபாதை கான்சாஸ், எதிர்ப்பக்கத்து நடைபாதை மிசூரி. இந்தப் பக்கம் கஞ்சா வைத்திருந்தால் வழக்கு. சாலையைக் கடந்துவிட்டால் பெயர்ப்பலகை மாட்டிக் கடை நடத்துகிறார்கள், ரசீதும் தருகிறார்கள்.

எனக்குத் துப்பாக்கி பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம். ஆனால் தம்பிக்கு ஒரு பயம் இருந்தது. 2017 பிப்ரவரியில் இங்கே ஒலேத்தே நகரத்து மதுக்கூடம் ஒன்றில் ஓர் இந்தியப் பொறியாளர் சுட்டுக் கொல்லப்பட்டதிலிருந்து அந்தப் பயம் எங்கள் பலரின் வீடுகளில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. குடியுரிமை கிடைத்ததும் கைத்துப்பாக்கி வாங்கப் போனான். துணைக்கு நானும் போனேன்.

கடைக்காரர் நீட்டிய படிவத்தின் எண் 4473. அது மாநிலத்தின் படிவம் இல்லை. ஏ.டி.எஃப். என்று சுருக்கமாகச் சொல்லப்படும், மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள்களைக் கவனிக்கும் வாஷிங்டன் அமைப்பின் படிவம். நீங்களே உங்களுக்காக வாங்குகிறீர்களா, பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றவரா என்று வரிசையாகப் போகும் கேள்விகளில் ஒன்று, கஞ்சா பயன்படுத்துகிறீர்களா என்பது. அதன் கீழே தடித்த எழுத்தில் ஓர் எச்சரிக்கை: நீங்கள் வசிக்கும் மாநிலம் கஞ்சாவை அனுமதித்திருந்தாலும், கூட்டாட்சிச் சட்டப்படி (அதாவது நாடு முழுமைக்குமான வாஷிங்டன் சட்டப்படி) அது சட்டவிரோதம்தான்.

"இங்கே மக்களே ஓட்டுப்போட்டுத்தானே அனுமதித்தார்கள், பிறகு ஏன் கேட்கிறார்கள்?" என்றான் தம்பி. அவன் சிகரெட்டைக்கூடத் தொடாதவன். கேள்வி அறிவு சார்ந்தது. சரியான இடத்தில்தான் விரல் வைத்தான். ஒரே மண்ணில் இரண்டு அரசுகள். ஒன்று அனுமதித்ததை மற்றொன்று குற்றம் என்கிறது. இரண்டும் உயிரோடு இருக்கின்றன.

இனி வாட்ஸ்அப் செய்திக்கு வருகிறேன். 2021 ஜூனில் மிசூரி ஆளுநர் மைக் பார்சன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். (இங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தவர், நம் ஊரில் முதல்வர் மாதிரி. ராஜ்பவனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) கையெழுத்திட்ட இடம் ஒரு துப்பாக்கிக் கடை, அதுவும் தம்பியின் ஊரில். இரண்டாவது திருத்தப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர். (இரண்டாவது திருத்தம் என்பது ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும் அமெரிக்க அரசமைப்புத் திருத்தம்.) துப்பாக்கிகளைப் பதிவு செய்வது, பின்தொடர்வது, சில வகை வரிகள் என்று ஒரு பட்டியல் போட்டு, அப்படிப்பட்ட கூட்டாட்சிச் சட்டங்கள் இந்த மாநிலத்தைப் பொறுத்தவரை செல்லாதவை, அங்கீகரிக்கப்படாதவை, நிராகரிக்கப்பட்டவை என்றது. அவற்றை அமல்படுத்த உதவும் உள்ளூர்க் காவல்துறைக்கு ஒவ்வொரு மீறலுக்கும் 50,000 டாலர் அபராதம். அந்தச் சட்டங்களை அமல்படுத்திய முன்னாள் கூட்டாட்சி அதிகாரியை வேலைக்கு எடுத்தாலும் அதே தொகை. ஓ'ஃபாலன் நகரக் காவல்துறைத் தலைவர், இந்தச் சட்டத்தின் வாசகம் தெளிவில்லாதது என்று சொல்லிப் பதவியையே விட்டுப் போனார்.

சட்டம் நிற்கவில்லை. 2023 மார்ச்சில் கூட்டாட்சி நீதிபதி அதைச் செல்லாது என்றார். 2024 ஆகஸ்டில் எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் முறையீட்டை எடுத்துக்கொள்ளவே மறுத்துவிட்டது. ஆனாலும் வேறு சொற்களில் அதே சரக்கோடு மசோதாக்கள் மறுபடி வருகின்றன. வாட்ஸ்அப்பில் சுற்றுவது அந்த மசோதாக்களைப் பற்றிய கனவு. தம்பிக்கு அன்றே ஒரு வரியில் பதில் அனுப்பிவிட்டேன்: படிவம் இருக்கிறது, நிரப்பித்தான் ஆக வேண்டும்.

ஒரு வரியோடு விட்டிருப்பேன். கான்சாஸின் சனூட் என்ற சிற்றூர் நினைவுக்கு வந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

2013இல் கான்சாஸும் இப்படி ஒரு சட்டம் போட்டது. கான்சாஸிலேயே செய்து, கான்சாஸைத் தாண்டாத துப்பாக்கிக்கும் அதன் உறுப்புகளுக்கும் கூட்டாட்சிச் சட்டம் பொருந்தாது என்றது. அதை அமல்படுத்த வரும் கூட்டாட்சி அதிகாரியின் செயலையே குற்றமாக்கியது. அன்றைய அமெரிக்க அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் இது அரசமைப்புக்கு முரணானது என்று ஆளுநர் சாம் பிரவுன்பேக்குக்குக் கடிதமே எழுதினார். ஆளுநர் அசையவில்லை.

சனூட்டில் ராணுவ உபரிப் பொருள் கடை வைத்திருந்த ஒருவர் இந்தச் சட்டத்தை நம்பி, சைலன்சர் செய்து விற்க ஆரம்பித்தார். நமக்குச் சைலன்சர் என்றால் மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய். இது துப்பாக்கியின் வாயில் பொருத்திச் சத்தத்தைக் குறைப்பது. 1934ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி இதைப் பதிவு செய்ய வேண்டும், அந்தக் காலத்தில் 200 டாலர் வரியும் கட்ட வேண்டும். கடைக்காரர் ஒளித்து விற்கவில்லை. மாநிலச் சட்டத்தின் நகல்களைக் கடையிலேயே வைத்திருந்தார். முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் ஒன்றை வாங்கினார். வாங்கிய மகிழ்ச்சியில் அதை வீடியோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார். ஆம், இதே முகநூலில்தான். ஏ.டி.எஃப். அதிகாரிகளுக்கும் முகநூல் பார்க்கத் தெரியும்.

இருவரும் குற்றவாளிகள் என்று 2016இல் நடுவர் குழு முடிவு செய்தது. "மாநிலம்தானே சரி என்றது, அதை நம்பித்தானே செய்தோம்" என்ற வாதம் எடுபடவில்லை. கூட்டாட்சிச் சட்டத்திலிருந்து விலக்குத் தரும் அதிகாரம் மாநிலத்திடம் இல்லாதபோது, மாநிலம் தந்த நம்பிக்கை வழக்கில் கேடயமாகாது. 2018இல் மேல்முறையீடு தோற்றது; 2019இல் உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்தியது. சிறை இல்லை, நன்னடத்தைக் கண்காணிப்புதான். ஆனால் பெருங்குற்றத் தண்டனை என்று பதிவானதால், கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையை இருவரும் இழந்தார்கள். துப்பாக்கி உரிமையைக் காப்பாற்றுவதற்கென்றே போட்ட சட்டம்! ஓட்டுப்போட்டு அதை நிறைவேற்றிய சட்டமன்ற உறுப்பினர் ஒருவருக்கும் இதனால் ஒரு கீறலும் இல்லை. கணக்கில் காசில்லாமல் காசோலை எழுதியவர்கள் அவர்கள். வங்கியில் நீட்டியவன் மாட்டிக்கொண்டான்.

என் கோபம் இந்த இடத்தில்தான். மாநிலம் எதிர்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 1974இல் சட்டமன்றத்தில் மாநில சுயாட்சித் தீர்மானம் போட்ட மண்ணிலிருந்து வந்தவன் நான்; மத்தியில் குவியும் அதிகாரத்தைப் பார்த்தால் இயல்பாகவே எரிச்சல் வரும். சொல்லப்போனால் இந்த நாட்டின் மாநிலங்களுக்கு நம்மிடம் இல்லாத ஒரு வலிமை இருக்கிறது. நாடாளுமன்றச் சட்டங்களை மாநிலங்கள் பின்பற்றி நடக்க வேண்டும், அதற்காக ஒன்றிய அரசு உத்தரவும் இடலாம் என்கிறது நம் அரசமைப்பின் 256ஆவது பிரிவு. அமெரிக்காவில் அப்படி உத்தரவிட முடியாது. அதை உறுதி செய்ததும் ஒரு துப்பாக்கி வழக்குதான்.

1981இல் குடியரசுத் தலைவர் ரீகனைக் கொல்ல நடந்த முயற்சியில் அவருடைய செய்திச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடியின் தலையில் குண்டு பாய்ந்தது. அவர் பெயரால் 1993இல் வந்த சட்டம், கைத்துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியை உள்ளூர்க் காவல் தலைவர் விசாரிக்க வேண்டும் என்றது. மொன்டானாவில் ஒரு ஷெரிஃபும் அரிசோனாவில் ஒரு ஷெரிஃபும் முடியாது என்றார்கள். வாஷிங்டனுக்கு ஆள் வேண்டுமென்றால் வாஷிங்டனே சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளட்டும் என்பதுதான் அவர்கள் வாதத்தின் சாரம். 1997இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸ்காலியா. மறுஆண்டு கடைசியில் எஃப்.பி.ஐ. நடத்தும் விசாரணை முறை தொடங்கியது. தம்பியின் படிவத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் கேட்டதும் எஃப்.பி.ஐ.யைத்தான், மிசூரி போலீஸை அல்ல.

ஆக, கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் உரிமை மாநிலத்துக்கு உண்டு. குடியேற்றச் சோதனைக்கு உதவ மாட்டோம் என்று சொல்லும் நகரங்கள் சாய்ந்து நிற்பது இதே தீர்ப்பின் மீது. மிசூரியும் அத்தோடு நின்றிருந்தால் கதை வேறு. 'நான் உதவ மாட்டேன்' என்பதும் 'உன் சட்டம் சட்டமே இல்லை' என்பதும் ஒன்றல்ல. எட்டாவது வட்டார நீதிமன்றம் பிடித்ததும் அந்த நூலைத்தான்: உதவியை நிறுத்திக்கொள்ளலாம், ஆனால் கூட்டாட்சிச் சட்டத்தையே செல்லாததாக அறிவித்து அதன் பெயரால் நிறுத்த முடியாது.

எதிர்த்தரப்பில் ஒரு கேள்வி இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. கஞ்சாவுக்கு ஒரு நீதி, சைலன்சருக்கு ஒரு நீதியா? எல்லைச் சாலைக்கு எதிரே கஞ்சா விற்பவரும் கூட்டாட்சிச் சட்டத்தைத்தான் மீறுகிறார். அவர் வியாபாரம் செய்கிறார், சனூட்டுக்காரர் நீதிமன்றம் ஏறினார். சட்டத்தில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. வாஷிங்டன் ஒருவரைக் கண்டுகொள்ளவில்லை, மற்றவரைக் கண்டுகொண்டது. இது நியாயமா என்றால், இல்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வீட்டில் வளர்த்த கஞ்சாவும் நாடு தழுவிய சந்தையைப் பாதிக்கும், எனவே வாஷிங்டன் தடுக்கலாம் என்று 2005இல் கலிஃபோர்னியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 'மொன்டானாவில் தயாரிக்கப்பட்டது' என்று முத்திரை குத்திச் சிறுவர்களுக்கான சிறு ரைபிள் செய்ய ஆசைப்பட்டவர்களின் வழக்கை 2013இல் மூழ்கடித்தது அந்தக் கஞ்சாத் தீர்ப்புதான்.

இன்னொரு நெருடல். 1854இல் விஸ்கான்சினின் மில்வாக்கியில் ஒரு கூட்டம் சிறைக்கதவை உடைத்து, தப்பி வந்த அடிமை ஒருவரை விடுவித்தது. அவர் தப்பி வந்தது மிசூரியிலிருந்து. தப்பிய அடிமைகளைப் பிடித்துத் தரச் சொல்லும் கூட்டாட்சிச் சட்டம் செல்லாது என்றது விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம். அன்றைக்கு மிசூரி முதலாளிக்கு வாஷிங்டன் சட்டம் இனித்தது. 1859இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக விஸ்கான்சினைத் தோற்கடித்தது. என் மனம் முழுக்க விஸ்கான்சின் பக்கம். அப்படியிருக்க மிசூரியை மட்டும் எந்த வாயால் திட்டுவது? நோக்கத்தைப் பார்த்துத் திட்டலாம். வழிமுறையைப் பார்த்துத் திட்டினால் விஸ்கான்சினையும் சேர்த்துத் திட்ட வேண்டும். இந்தக் கணக்கு எனக்கு இன்னும் நேராகவில்லை.

மாநில உரிமை பேசுகிறவர்களின் நேர்மையைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு: தங்களுக்குக் கீழே இருப்பவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பாருங்கள். செயின்ட் லூயிஸும் கான்சாஸ் சிட்டியும் தங்கள் ஊருக்குத் தனித் துப்பாக்கிக் கட்டுப்பாடு போட மிசூரி விடுவதில்லை. டெக்சாஸ் 2017இல், குடியேற்றத்தில் வாஷிங்டனோடு ஒத்துழைக்காத ஷெரிஃபுகளைத் தண்டிக்கச் சட்டம் போட்டது. 2021இல், புதிய கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டங்களுக்கு ஒத்துழைக்கக் கூடாது என்று இன்னொரு சட்டம் போட்டது. இரண்டிலும் கையெழுத்திட்டவர் ஒரே ஆளுநர்.

2024 பிப்ரவரி 14 அன்று கான்சாஸ் சிட்டியில் அமெரிக்கக் கால்பந்து வெற்றி ஊர்வலத்தின் முடிவில் துப்பாக்கி வெடித்தது. ஒருவர் இறந்தார், இருபதுக்கும் மேற்பட்டோர் காயம், அவர்களில் பலர் குழந்தைகள். அடுத்த மாதம், அந்தச் சம்பவத்தோடு தொடர்புள்ள துப்பாக்கிகளைச் சட்டவிரோதமாக வாங்கிக் கைமாற்றியதாக மூவர் மீது வழக்கு வந்தது. தொடுத்தது வாஷிங்டன். வேறொருவருக்காகத் தன் பெயரில் வாங்கித் தருவது, படிவத்தில் பொய் சொல்வது போன்ற குற்றச்சாட்டுகள். அந்தப் படிவமும் 4473தான்.

தம்பி அன்று படிவத்தை ஒரே தடவையில் முடிக்கவில்லை. முகவரிக்குப் பக்கத்தில் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) எது என்று ஒரு கட்டம் இருக்கும். அவசரத்தில் 'கன்ட்ரி' என்று படித்துவிட்டு, புதுக் குடியுரிமையின் பெருமையோடு 'யு.எஸ்.ஏ.' என்று பெரிதாக எழுதினான். நிறையப் பேர் இப்படித்தான் எழுதுகிறார்கள் என்று சொல்லிக் கடைக்காரர் சலிக்காமல் வேறு படிவம் தந்தார்.

"எந்தக் கவுண்டி என்று தெரியுமா?" என்று கேட்டேன். தெரியும் என்றான். 1832இல் கூட்டாட்சி வரிச் சட்டம் தன் எல்லைக்குள் செல்லாது என்று அறிவித்த தென் கரோலினாவைப் பார்த்து, ஆயுதத்தோடு பிரிந்து போவது தேசத்துரோகம் என்று எச்சரித்த குடியரசுத் தலைவரின் பெயர்தான் அந்தக் கவுண்டிக்கு. தம்பிக்கு அந்தக் கதை தெரியாது, நானும் அன்று சொல்லவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி சின்ன எழுத்தில் 'ஜாக்சன்' என்று எழுதினான்.