‘கெட்’ என்ற சொல் என்ன பாவம் செய்தது?

பள்ளிக்கூடங்களில் ‘கெட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தடை போட்டுவைத்திருக்கும் புண்ணியவான்கள் எல்லோரையும் நிற்கவைத்துக் கேட்க வேண்டும் போலிருக்கிறது. அந்தச் சொல் உங்களை என்ன செய்தது? ‘குட்’, ‘நைஸ்’, ‘செட்’ (said) என்று நீங்கள் ஒதுக்கிவைத்திருக்கும் மற்ற ஏழைச் சொற்களைப் பற்றி இன்னொரு நாள் பேசுகிறேன். இன்றைக்கு ‘கெட்’.

அக்கா மகளின் கட்டுரை நோட்டைப் பார்த்துவிட்டு வயிறு எரிந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன். மழையில் மாட்டிக்கொண்ட ஒரு சாயங்காலத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். குழந்தை எழுத்துதான், ஆனால் உயிர் இருந்தது. ‘இட் காட் டார்க்’ என்று தொடங்கியிருந்தாள். பிறகு பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள், நனைந்தார்கள், வீடு வந்து சேர்ந்தார்கள், அம்மாவுக்குக் கோபம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் ‘காட்’, அதாவது ‘கெட்’டின் இறந்தகாலம். ஒவ்வொரு ‘காட்’டின் மேலும் ஒரு சிவப்பு வட்டம். கீழே, ‘சாதாரணச் சொல்லைத் தவிர்த்து இணைச்சொல் பயன்படுத்தவும்’ என்று ஒரு குறிப்பு. கூடவே அச்சடித்த பட்டியல் ஒன்றும் ஒட்டியிருந்தது: அப்டெயின், ரிசீவ், அக்வயர், புரொக்யூர், கெய்ன். எந்தச் சொல்லை எங்கே போடுவது என்று அந்தத் தாளில் ஒரு வரி கிடையாது.

குழந்தை என்ன செய்யும்? சொன்னதைச் செய்தது. பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிசையாக மாற்றி எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தது.

‘இட் அக்வயர்ட் டார்க்.’ இருட்டவில்லையாம், எதையோ ஈட்டியதாம். ‘வி அப்டெயின்ட் ஆஃப் த பஸ்.’ இதற்கு எந்த மொழியிலும் பொருள் இல்லை. ‘ஐ கெய்ன்ட் வெட்.’ நனைந்ததையும் லாபக் கணக்கில் சேர்த்தாயிற்று. ‘வி அப்டெயின்ட் ஹோம்’ என்றால் வீடு வந்து சேர்ந்தார்களா, அல்லது யாராவது அவர்களுக்கு வீடு வழங்கினார்களா? ‘அம்மா ரிசீவ்ட் ஆங்ரி.’ கோபத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள் போலிருக்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். முதல் கட்டுரையின் நடுவில் ஒரு வரி இருந்தது: ‘ஒன்லி த ஃப்ராக்ஸ் காட் த ஜோக்.’ எல்லோரும் மழையைத் திட்டிக்கொண்டு ஓடும்போது அந்த வேடிக்கை தவளைகளுக்கு மட்டும்தான் புரிந்தது என்கிறாள். பெரியவர்களுக்கே வாய்க்காத வரி. அதன் மேலும் அதே சிவப்பு வட்டம். மாற்றி எழுதிய நோட்டில் அது ‘ஒன்லி த ஃப்ராக்ஸ் புரொக்யூர்ட் த ஜோக்’ ஆகியிருக்கிறது. தவளைகள் நகைச்சுவையைக் கொள்முதல் செய்துவிட்டன! அந்த இடத்தில் நோட்டை மூடிவிட்டேன். மேற்கொண்டு படிக்க மனம் வரவில்லை.

இரண்டாவது முறை திருத்தியபோது என்ன நடந்தது தெரியுமா? பட்டியலிலிருந்து எடுத்துப் போட்ட அத்தனை சொற்களின் மேலும் மறுபடி சிவப்பு. ‘தவறான சொல்லாட்சி’ என்று எழுதி மதிப்பெண்ணையும் குறைத்திருக்கிறார்கள். “சித்தி, தாளில் இருந்ததைத்தானே எழுதினேன்?” என்று கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்வது?

இதே வேலையைத் தமிழில் செய்து பாருங்கள். பஸ்ஸைப் பிடித்தேன், சளி பிடித்தது, அந்தப் பாட்டு பிடிக்கும், மழை பிடித்துக்கொண்டது, சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். ‘பிடி’ சாதாரணச் சொல், அதற்குப் பதில் ‘கைப்பற்று’ என்று எழுது என யாராவது சொன்னால் சும்மா விடுவோமா? ‘எனக்குச் சளி கைப்பற்றியது’ என்று எழுதும் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்போம். ஆங்கிலம் என்றால் மட்டும் வாயை மூடிக்கொண்டு தலையாட்டுகிறோம்.

எந்த மொழியிலும் அதிகம் உழைக்கும் சொல்லுக்குத்தான் அதிகப் பொருள் சேரும். 1755இல் சாமுவேல் ஜான்சன் தன் அகராதியில் ‘டேக்’ என்ற ஒரே சொல்லுக்கு 134 பொருள்களைப் பிரித்துக் காட்டினார். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காரர்கள் ‘ரன்’ என்ற வினைக்கு மட்டும் 645 பொருள்களை வகைப்படுத்தியிருக்கிறார்கள். அவர்கள் யாரும் அதைச் சோம்பேறிச் சொல் என்று ஒதுக்கிவிடவில்லை. உட்கார்ந்து ஒவ்வொரு பொருளாகப் பிரித்தார்கள். நம் வகுப்பறையிலோ ஒரு வட்டம் போட்டால் வேலை முடிந்தது.

‘அப்டெயின்’ எழுதினால் உயர்ந்த ஆங்கிலம் என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். ‘கெட்’ வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. ‘அப்டெயின்’, ‘ரிசீவ்’, ‘புரொக்யூர்’ எல்லாம் லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தவை. 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு கோலோச்சியது, குடியானவன் வீட்டில் பழைய சொற்களே புழங்கின. இன்றைக்கும் ‘பை’ என்றால் சாதாரணம், ‘பர்ச்சேஸ்’ என்றால் மரியாதை. ‘ஆஸ்க்’ மட்டம், ‘இன்க்வயர்’ கௌரவம். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அரண்மனைப் பவிசைப் பத்து வயதுப் பிள்ளையின் நோட்டில் கொண்டுவந்து சுமத்துகிறார்கள்.

இணைச்சொல் அகராதி மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. பீட்டர் மார்க் ரோஜெட் என்ற மருத்துவர் 1852இல் அதை வெளியிட்டபோது சொற்களை அகர வரிசையில் அடுக்கவில்லை. கருத்துவாரியாக 1,000 தலைப்புகளின் கீழ் வைத்தார். எண்ணம் நெஞ்சில் இருக்கிறது, சொல் வரவில்லை என்று தவிப்பவர் அங்கே போய்த் தேடலாம். பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் ஒன்றைப் பிடுங்கி இன்னொன்றின் இடத்தில் நடலாம் என்று அதற்குப் பொருளில்லை. ‘ஸ்லிம்’ என்று சொன்னால் மகிழ்கிறவள் ‘ஸ்கின்னி’ என்று சொன்னால் முகம் வாடுவாள். இரண்டும் ஒல்லிதான், பட்டியலிலும் அடுத்தடுத்துதான் இருக்கும்.

மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அலுவலகக் கடிதத்தில் ‘ஐ காட் யுவர் லெட்டர்’ என்பதைவிட ‘ரிசீவ்ட்’ பொருத்தம்தான். ஏன் பொருத்தம் என்று அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசியிருந்தால் அவளுக்கு ஆயுளுக்கும் மறந்திருக்காது. இருட்டினால் ‘பிகேம்’ எழுதலாம், வீடு சேர்ந்தால் ‘ரீச்ட்’ எழுதலாம் என்றாவது காட்டியிருக்கலாம். அந்த இரண்டு சொற்களும் பட்டியலிலேயே இல்லை! தவளைக்கு மட்டும் எதையும் எழுதியிருக்கத் தேவையில்லை, அந்த ‘காட்’டை அப்படியே விட்டிருந்தால் போதும்.

அப்புறம் இந்த 150 சொல் சட்டம். கட்டுரை 150 சொற்களுக்குக் குறையக் கூடாதாம். சொல்ல வந்ததை முன்பே சொல்லி முடித்துவிட்ட பிள்ளை கடைசிப் பத்தியில் ‘வெரி வெரி வெரி ஹாப்பி’ என்று எழுதி எண்ணிக்கையை நிரப்பியிருக்கிறாள். அதன் மேல் ஒரு வட்டம்கூட இல்லை. பக்கத்தில் ‘குட்’ என்று எழுதியிருக்கிறார்கள்.